தீன் மாறிய நூற்றிருபது கோழிகள்

திரேசம்மாவிடம் யாரும் சும்மா பேசப் போவதில்லை. போனால் சண்டை. போகாவிட்டால் அவளே வந்து சண்டை. மாத்தளைக்கு வடக்கே, அலுவிகாரையில் பெரிய வீதிக்குப் பின்னால், சிறிலின் வளவில், தகரக் கூரை போட்ட கோழிக் கொட்டிலோடு அவள் குடியேறி நான்கு வருடம். அதற்குள் தண்ணீர்க் குழாயடியில் இருவர், தபால்காரர் ஒருவர், பஸ் நடத்துநர் மூவர் அவளோடு பேச்சை நிறுத்தியிருந்தார்கள். அவளுக்கு அதில் நட்டமில்லை. பேச்சு மிச்சம் என்றாள்.

பிறந்தது இறத்தோட்டைப் பக்கம், ஒரு கொக்கோத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். பதினெட்டு வயதில் அதே தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் ஆயாவாகச் சேர்ந்தாள். தாய்மார் வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் அது. குழந்தைகளுக்கென்று வரும் பால்மாவில் பாதி, கணக்கப்பிள்ளை வீட்டுத் தேத்தண்ணிக்குப் போகிறது என்பதை இரண்டாம் வாரமே கண்டுபிடித்தாள். கண்டுபிடித்தவர்கள் அவளுக்கு முன்பும் இருந்தார்கள். ஆனால் ஆட்களைப் பெயர் கூப்பிட்டு வேலைக்குப் பிரிக்கும் காலைப் பெரட்டுக் களத்தில், துரை நிற்கும்போது, ஆட்களுக்கு மத்தியில் அதை உரக்கச் சொன்னவள் அவள் மட்டும்தான். மன்னிப்புக் கேட்டால் வேலை இருக்கிறது என்றார்கள். "மாவக் குடிச்சவங்க கேக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்தை விட்டு இறங்கினாள்.

கட்டிக்கொண்டது அந்தோனிமுத்துவை. மாத்தளையில் மிளகும் ஏலமும் வாங்கி விற்கும் கடையொன்றில் லொறி ஓட்டுபவன், பேசாதவன். "ரெண்டு பேரும் பேசுனா வீடு தாங்காது" என்று ஒருமுறை சொன்னான். அவன் பேசியதில் அதுதான் நீளமானது.

1965இல் அரசாங்கம் பெண்களுக்கு நடத்திய கோழி வளர்ப்பு வகுப்புக்கு அவள் போனாள். அப்போது பார்ம் கோழி ஊருக்குப் புதிது. வெள்ளை நிறம், குட்டைக் கால், பத்து வாரத்தில் சட்டிக்குத் தயார். ஊரார் அதை வெள்ளைக்காரக் கோழி என்று சிரித்தார்கள். நகரத்தில் கோழித் தீவனக் கடை வைத்திருந்த சிறில் சிரிக்கவில்லை. தன் வளவில் கொட்டில் போட இடம் கொடுத்தான். ஒரே நிபந்தனை, தீவனம் அவன் கடையில் மட்டுமே வாங்க வேண்டும். கோழிகளை வாங்கியது ரவூப். மாத்தளைப் பட்டணத்தில் ஹோட்டல் வைத்திருந்தவர். வாரந்தோறும், கிழமைக்கு முப்பது கோழி, உயிரோடு. ஹோட்டலின் பின்கட்டில், பள்ளிவாசலில் ஓதிக்கொடுக்கும் மக்கீன் லெப்பை அல்லாஹ்வின் பெயரால் பிஸ்மி சொல்லி அறுப்பார். நான்கு வருடம் இப்படிப் போனது. மூவரும் ஒருவரையொருவர் ஏசிக்கொண்டே பிழைத்தார்கள்.

1969 ஜூன் மாதம் அது உடைந்தது.

ரவூப்பின் மகள் றமீஸாவுக்குக் கொழும்பில் மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். மாப்பிள்ளையின் வாப்பா ஸக்கரியா, துறைமுகத்தில் இலிகிதர், சரக்குக் கணக்கு எழுதுபவர். நாள் குறிக்க வந்தவருக்கு விருந்து. ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் அமர்ந்து, அந்த ஒரே தாம்பாளத்தில் கைவைத்துத் தின்பதுதான் அவர்கள் வழக்கம். ஸக்கரியா கோழித் துண்டொன்றை எடுத்தார், பார்த்தார், "பார்ம் கோழியா?" என்று கேட்டார். ஆம் என்றார்கள். துண்டை வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

"இந்தக் கோழிக்கு இறைச்சித் தூள் போட்டுத்தான் வளக்கிற. கப்பல்ல வந்து இறங்குற மூட்டைய நான் கண்ணால கண்டீக்கன். ஆடா, மாடா, பண்டியா, மூட்டையில ஒண்டும் எழுதல்ல. எலும்பும் சதையும் ஒண்டா அரச்ச தூள்" என்றார்.

பன்றி என்ற சொல் விழுந்ததும் மற்ற ஐவரும் கையை எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் விடிந்ததும் ரவூப் வளவுக்குள் நின்றார். "திரேசம்மா! வெளிய வாங்க!"

"கத்தாதீங்க நானா, குஞ்சு மெரளும்."

"குஞ்சு மெரளுமா? நேத்து என்ட சம்பந்தி மெரண்டுட்டாரு! கோழிக்கு என்ன போடுறீங்க, அத மொதல்ல செல்லுங்க."

"சிறில் ஐயா கடையில வாங்குறதப் போடுறேன். சோளம், தவிடு, புண்ணாக்கு. அப்புறம் இறைச்சித் தூள்."

"எந்த இறைச்சி?"

திரேசம்மா வாசலில் கிடந்த தீவனச் சாக்கைப் புரட்டி எழுத்தைத் தேடினாள்.

"பண்டி இல்லண்டு செல்லுங்க! இப்பவே செல்லுங்க! செல்ல ஏலா, என்ன? நாலு வருசமா ஊருக்கே தின்னக் குடுத்தீக்கன். பண்டியத் தின்ன கோழிய வித்தவன்டு ஒரு சொல் வந்தா, நான் கடையப் பூட்டிட்டுக் காட்டுக்குத்தான் போகணும்!"

"பண்டி வித்தேன்னு என்னையச் சொல்றீங்களா?"

"என்ன வித்தீங்கண்டு ஒங்களுக்கே தெரியா. அதத்தான் செல்றன்!"

அந்த வார்த்தை அவளைச் சுட்டது, உண்மை என்பதால்.

லெப்பையிடம் ரவூப் ஏற்கெனவே கேட்டிருந்தார். கண்டதைத் தின்ற கோழியை மூன்று நாள் அடைத்து வைத்துச் சுத்தமானதைக் கொடுத்து அறுக்கலாம், அது பழைய முறை என்று லெப்பை சொல்லியிருந்தார். ஸக்கரியா ஒப்பவில்லை. அது தெருவில் மேய்ந்த கோழிக்குச் சரி என்றார். பிறந்த நாளிலிருந்து தின்றதை மூன்று நாளில் எப்படிக் கழுவுவது என்று கேட்டார். ஆகவே ரவூப் தன் முடிவை வளவில் நின்றே சொன்னார். ஓகஸ்ட் கடைசி நாள் கலியாண விருந்து. அதற்கு நூறு கோழி வேண்டும், முட்டையிலிருந்து வந்த நாள் தொட்டு அந்தத் தூள் வாயில் படாத கோழி. கொடுத்தால் பழையபடி கிழமைக்கு முப்பது. கொடுக்காவிட்டால் அவள் கோழியும் வேண்டாம், அவள் சங்காத்தமும் வேண்டாம். அதுவரை ஒரு இறகுகூட வாங்கப் போவதில்லை.

"ஆறு பேர் குந்துற சஹன்ல ஒருத்தன் கைய எடுத்தா அஞ்சு பேரும் எடுப்பான். எழுவது சஹன் வைக்கப் போறன். என்ட மகளுக்கு அண்டைக்கு ஒரு கை எழும்பப்படாது. வெளங்குதா?"

விளங்கியது. ரவூப்பை விட்டால் அவளுக்குக் கிழமைதோறும் வாங்க வேறு ஆளில்லை.

அன்றே பஸ் ஏறிச் சிறிலின் கடைக்குப் போனாள். சிறில் வெள்ளைச் சட்டைக்காரன், கத்தோலிக்கக் கோயிலில் அந்தோனியார் சபையின் செயலாளர். கடையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள்.

"சிறில் ஐயா, இந்த இறைச்சித் தூள் எந்த மிருகம்?"

"ஏன், சம்பந்தம் பேசப் போறியா?"

கடை சிரித்தது.

"தெரியுமா, தெரியாதா?"

"வெளிநாட்டுல அரைச்சு வருது. அவன் என்ன மூஞ்சியப் பாத்தா அரைக்கிறான்?"

"அப்ப அந்தத் தூள் போடாம கலந்து தாங்க."

"இந்தா பொம்பள, கோழி இறைச்சி இல்லாம வளராது. தவக்காலம் மனுசனுக்கு வச்சது, கோழிக்கு இல்ல. கோழிய சுத்தபோசனம் பண்ண வைக்கப் போறாளாம்!" சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து குரலைத் தாழ்த்தினான். "என் தீவனம் வேணாம்னா என் வளவும் வேணாம். நெனவிருக்கட்டும்."

"செப்டெம்பர் வரைக்கும் வாடகை குடுத்திருக்கேன். அதுவும் நெனவிருக்கட்டும்."

வந்த கையோடு கொட்டிலைக் கழுவினாள். பழைய மரத்தூளை அள்ளி எரித்தாள். இருந்த கோழிகளைக் கேட்ட விலைக்குத் தள்ளினாள். அடுத்த கிழமை நூற்றிருபது குஞ்சு இறக்கினாள்.

என்ன போடுவது என்பதில் அவளுக்கு இருந்தது வகுப்பில் கேட்ட அரை அறிவும் பிடிவாதமும்தான். எண்ணெய் ஆலையில் தேங்காய்ப் புண்ணாக்கு. பல்லேபொல அரிசி ஆலையில் தவிடு. சோளத்தை அந்தோனிமுத்து வடக்கே போய்வரும் லொறியில் கொண்டுவந்தான். எலும்புக்குப் பதிலாகச் சுண்ணாம்புச் சூளையில் உடைந்த கல்லை வாங்கி உரலில் இடித்தாள். வேலியோர முருங்கை இலையையும் ஒடித்துப் போட்டாள். குழாயடியில் அது உடனே கதையாகிவிட்டது.

"புண்ணாக்கு எதுக்குப் புண்ணாக்கு வாங்குது?" என்று ஒருத்தி கேட்பாள்.

"தனக்கு வாங்குதோ, கோழிக்கு வாங்குதோ" என்று மற்றவள் சொல்வாள்.

மூன்றாம் வாரம் குஞ்சுகள் வளராமல் நின்றன. வயிறு நிறைந்திருந்தது, நெஞ்சில் சதையில்லை. இறகு ஈர்க்குச்சியைப்போல் முளைத்தது. நான்காம் வாரம் அதைவிட மோசம். ஒன்றையொன்று கொத்தத் தொடங்கின. முதலில் வால் இறகு, பிறகு இரத்தம். இரத்தம் கண்ட இடத்தில் எல்லாம் கூடின. ஒரு காலை அவள் கொட்டிலைத் திறந்தபோது ஒரு குஞ்சின் பின்புறம் பாதி இல்லை.

சிறில் வேலிக்கு அப்பால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியாது.

"நான் சொன்னேனா இல்லையா? இறைச்சி இல்லேன்னதும் ஒண்ண ஒண்ணு திங்குது. கோழி கோழியத் திங்கலாமான்னு ரவூப் முதலாளிய அவங்க லெப்பைகிட்ட கேக்கச் சொல்லு."

"வேலியத் தாண்டி வந்தீங்க, உங்களையும் கொத்தும். போங்க."

அவன் போனான். அவள் கொட்டில் வாசலில் ஒரு புண்ணாக்குக் கட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. பார்த்தாள். பார்ப்பது அவளுக்குத் தெரிந்த தொழில். பால்மா எங்கே போகிறது என்று கண்டுபிடித்த கண் அது. குஞ்சுகள் எதைக் கொத்துகின்றன, எப்போது கொத்துகின்றன என்று இரண்டு நாள் சமையலையும் விட்டுவிட்டுப் பார்த்தாள். அவள் உள்ளே போனால் வியர்த்த கணுக்காலைக் கொத்தின. கருவாடு கழுவிய தண்ணீரை வேலியோரம் ஊற்றியபோது, கம்பி வலைக்குள்ளிருந்த அத்தனையும் அந்தப் பக்கம் ஓடி, நனைந்த மண்ணுக்குக் கழுத்தை நீட்டின.

உப்பு.

அந்தத் தூளில் இறைச்சி இருந்தது, எலும்பு இருந்தது, கூடவே உப்பும் இருந்தது. தூளை எடுத்தவள் உப்பையும் சேர்த்து எடுத்துவிட்டாள். புண்ணாக்கில் உப்பு ஏது? அன்று மாலை தீவனத்தில் அளவாய் உப்புச் சேர்த்தாள். குடிக்கத் தண்ணீர் தாராளமாக வைத்தாள். நான்கே நாளில் கொத்துவது பெரும்பாலும் நின்றது. ஒன்பது குஞ்சு போயிருந்தன. மிச்சம் நூற்றுப் பதினொன்று.

வளர்ச்சி மட்டும் வரவில்லை. கொட்டிலைத் தட்டி வைத்து மூன்றாகப் பிரித்தாள். முதல் அறைக்குச் சோளம், தவிட்டோடு தேங்காய்ப் புண்ணாக்கு மட்டும். இரண்டாவதற்கு அதோடு உடைந்த பாசிப்பயறு. மூன்றாவதற்கு இரண்டோடும் எள்ளுப் புண்ணாக்கு. பத்து நாள் கழித்துத் தராசு தேவைப்படவில்லை. முதல் அறைக் கோழிகள் பசித்த பிச்சைக்காரர்போல் நின்றன. இரண்டாவதில் சதை இருந்தது, இறகு சரியில்லை. மூன்றாவதில் இறகு படிந்து, மார்பு விரிந்து, எட்டி உதைத்தன. ஏன் என்று அவளுக்குத் தெரியாது. தேங்காய் தராததைப் பயறு தருகிறது, பயறு தராததை எள்ளு தருகிறது என்ற அளவுக்குத்தான் தெரிந்தது. மூன்று அறைக்கும் போதுமான எள்ளுப் புண்ணாக்குக்கு அந்தோனிமுத்துவை அனுப்பினாள். பட்டணத்து வானொலிகள் எல்லாம் சந்திரனில் மனிதன் இறங்கியதைச் சொல்லிக்கொண்டிருந்த கிழமை அது. அவளுக்கு அதைக் கேட்க நேரமில்லை.

இனி வந்த வம்பு கோழியால் அல்ல, ஒரு சொல்லால்.

லயத்தில் கோழிக்குப் போடுவதைத் தீனி என்பார்கள். ரவூப்பின் ஆட்களும் தீனி என்றுதான் சொல்வார்கள். சிறிலின் கடைப் பலகையில் மட்டும், கொழும்பில் அச்சடித்த எழுத்தில், 'நல்ல கோழித் தீன் இங்கு கிடைக்கும்' என்றிருந்தது. நான்கு வருடம் அந்தக் கடைக்குப் போய்வந்த திரேசம்மாவின் வாயிலும் அது தீன் ஆகிவிட்டது. மாத்தளை முஸ்லிம்கள் வாயிலோ தீன் என்றால் ஒன்றுதான் பொருள். மார்க்கம். இஸ்லாம்.

ஓகஸ்ட் முதல் வெள்ளிக்கிழமை. ரவூப் குருநாகல் பக்கம் வேறு கோழி பார்க்க ஆள் அனுப்பியிருக்கிறார் என்று அவளுக்குக் காற்றுவாக்கில் செய்தி வந்தது. ஆத்திரத்தோடு பஸ் ஏறினாள். ஹோட்டலுக்குள் நுழைந்தபோது ஜும்ஆ தொழுகை முடிந்து வந்த கூட்டம். உட்கார இடமில்லாமல் நின்று சாப்பிட்டவர்களும் உண்டு. அவளுக்குக் கூட்டத்தைக் கண்டால் குரல் ஏறும்.

"ரவூப் நானா! உங்க மக கலியாணத்துக்காக நான் தீன மாத்தி ஏழு வாரமாச்சு! இனி என்ன சாட்டுச் சொல்லப் போறீங்க?"

சோற்றில் கைகள் நின்றன. மேசைக்குப் பின்னால் இருந்த ரவூப் நாற்காலியோடு திரும்பினார். மூலை மேசையிலிருந்து மர்சூக் ஹாஜியார் எழுந்தார். மக்காவுக்குப் போய்வந்தவர், துணிக்கடைக்காரர், வயதானவர். கண்ணே கலங்கிவிட்டது அவருக்கு.

"மாஷா அல்லாஹ்! நல்ல காரியம் தங்கச்சி. பேர் வச்சாச்சா?"

"பேரா? நூத்திப் பதினொண்ணுக்கும் எப்படிங்க பேர் வைக்கிறது?"

"நூத்திப் பதினொரு பேரா!" ஹாஜியார் அருகிலிருந்த தூணைப் பிடித்துக்கொண்டார். "எல்லாரும் மனசு வச்சுத்தானே வந்தாங்க? வற்புறுத்தல் இல்லியே?"

"மொதல்ல திங்கவே மாட்டேன்னுதுங்க. பசிச்சா எல்லாம் வழிக்கு வரும்."

"ஹாஜியாரே, உக்காருங்க!" ரவூப் கத்தினார். "கோழியச் செல்றா! கோழிக்குப் போடுற தீனியச் செல்றா!"

கடைசி வரிசையில் யாரோ வெடித்துச் சிரித்தான். சிரிப்பு மேசைக்கு மேசை தாவி வாசல் வரை போனது. ஹாஜியார் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்த கைக்குட்டை இன்னும் கையில் இருந்தது. அவர் முகம் கறுத்தது.

"எங்கட மார்க்கத்தக் கொண்டு போய்க் கோழிக் கூட்டில அடைக்கிறியா? நாலு பேருக்கு முன்னால என்னப் பைத்தியக்காரனாக்க வந்தியா?"

"நான் என்னங்க சொன்னேன்? கோழித் தீனத்தானே..."

"திருப்பித் திருப்பிச் செல்றா பாருங்க!"

சிரித்தவர்களும் இப்போது முறைத்தார்கள். ரவூப் அவளைத் தெருவுக்குக் கூட்டிவந்து வாசலில் நிறுத்தினார். "அடுத்த வெள்ளிக்கிழம, இதே நேரம், இதே எடத்துல ஹாஜியார்ட மன்னிப்புக் கேக்கணும். இல்லாட்டி கோழிப் பேச்சே இல்ல."

"பண்டி வித்தேன்னு என் வளவுல வந்து கத்துனீங்களே, அதுக்கு நீங்க எப்ப கேப்பீங்க?"

"அது வேற!"

"இதுவும் வேறதான்!"

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் போகவில்லை.

வதந்திக்கு நாலு கால். திருத்தத்துக்கு ஒரு கால், அதுவும் நொண்டி. 'திரேசம்மா ஹோட்டலில் நின்று தீனை மாற்றிவிட்டேன் என்றாள்' என்பது அந்த முதல் வெள்ளிக்கிழமையே, பொழுது சாய்வதற்குள், கோயில் சனங்களை எட்டியிருந்தது. அது கோழிக் கதை என்ற மிச்சம் பட்டணத்திலேயே தங்கிவிட்டது. ஞாயிறு விடுமுறையை எடுத்துவிட்டு, சந்திரனைக் கணக்கிட்டு வரும் பௌத்தப் போயா நாளை விடுமுறையாக்கியிருந்த காலம். ஞாயிறு வேலை நாளென்பதால் பூசை விடியற்காலையில். திரேசம்மா வாங்கில் உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்த மூன்று பெண்கள் எழுந்து பின்னால் போனார்கள். நற்கருணைக்கு அவள் வரிசையில் நின்றபோது முதுகுக்குப் பின்னால் முணுமுணுப்பு.

பூசை முடிந்து முற்றத்தில் சிறில் காத்திருந்தான். சபை ஆட்கள் பத்துப் பேர் அவனைச் சுற்றி நின்றார்கள். ஜூனிலிருந்து அவன் தேடிய சாக்கு, தானாக நடந்து வந்திருந்தது.

"மதம் மாறுனவளுக்கு என் வளவுல எடம் இல்ல. வாடகை மிச்சத்த வாங்கிக்க. மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணணும்."

அந்தோனிமுத்து முன்னால் ஒரு அடி வைத்தான். திரேசம்மா அவன் கையைப் பிடித்தாள். பேசவேண்டிய இடம் அவளுடையது.

"சிறில் ஐயா, உங்க கடப் பலகையில முழ உயரத்துக்கு என்ன எழுதியிருக்கு? நல்ல தீன் இங்க கெடைக்கும்னு எழுதியிருக்கா இல்லையா? அப்ப நீங்க எந்தப் பள்ளியில லெப்பை?"

சபையின் பொருளாளர் முதலில் சிரித்தார். பிறகு பத்துப் பேரும். பின்னால் எழுந்துபோன பெண்களில் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிறிலின் காது மடல் சிவந்தது. அவள் சொன்ன தீன் கோழித் தீன்தான் என்று அவனுக்கு எல்லோருக்கும் முந்தியே தெரியும்.

"மாசக் கடைசி" என்றான். "ஒரு நாள் கூடாது."

பேச்சில் அவள் வென்றாள். வளவு போனது போனதுதான்.

இப்போது அவளிடம் நூற்றுப் பதினொரு கோழி இருந்தது, கேட்க ஆளில்லை. மாதக் கடைசிக்குமேல் அடைக்க இடமில்லை. அந்தோனிமுத்து இரவும் பகலும் யோசித்து ஒரே ஒரு சொல் சொன்னான்: "கேட்டுர்றியா?" மன்னிப்பைத்தான் சொன்னான். அவள் அவனுக்கு அன்று சோறு போடவில்லை.

கலியாணத்துக்கு இரண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை காலை, ரவூப்பே வந்தார். குருநாகல் கோழியும் அதே தூளில் வளர்ந்த கோழி என்று தெரிந்துபோயிருந்தது. கூட ஸக்கரியா, கறுத்தக் குடையோடு. மக்கீன் லெப்பை கத்திப் பையோடு. யாரும் சலாமோ வணக்கமோ சொல்லவில்லை.

"பாக்க வந்தீக்கோம். எடுக்க வரல்ல" என்றார் ரவூப்.

"பாக்குறதுக்குத் தடையில்ல. தொடுறதுன்னா கேட்டுத் தொடுங்க."

லெப்பை கொட்டிலுக்குள் போய், அவள் காட்டியதை விட்டுவிட்டுத் தானாக ஒரு சேவலைப் பிடித்தார். வளவின் மூலையில், மக்கா இருக்கும் கிப்லாத் திசையைப் பார்த்து அறுத்தார். துடிப்பு அடங்கியதும் கழுத்தடியில் இரைப்பையைக் கீறி ஒரு கொட்டாங்கச்சியில் கொட்டினார். சோளம், பாசிப்பயற்றுத் தோல், எள்ளுச் சக்கை, முருங்கை இலை நார், கல்லுப் பொடி. மூவரும் குனிந்து பார்த்தார்கள்.

"இது இண்டைக்கிப் போட்டது" என்றார் ஸக்கரியா. "முந்தாநாள் என்ன போட்டாவோ?"

"தோண்டிப் பாருங்க" என்றாள் திரேசம்மா. "பதினோரு வாரம் பேண்டது அத்தனையும் அதே மரத்தூள்லதான் கெடக்கு. எடுக்கவேயில்ல. அந்தத் தூளு விழுந்த கொட்டில் எப்படி நாறும்னு துறைமுகத்துல பாத்த மனுசனுக்குத் தெரியாதா?"

ஸக்கரியா குடையை மடக்கி வேலியில் கொழுவினார். சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டினார். உள்ளே போய்க் குந்தி, அடிமண்வரை கையை விட்டு அள்ளி, மூக்கருகே கொண்டுபோனார். மூன்று இடத்தில் அப்படிச் செய்தார். சாக்குகளைத் தட்டிப் பார்த்தார். நேரம் எடுத்துக்கொண்டார். பிடிக்காத மனிதர்தான், ஆனால் வேலையைப் பாதியில் விடுகிறவர் இல்லை என்பதைத் திரேசம்மா அந்தக் கோபத்திலும் கண்டாள்.

வெளியே வந்து கையைக் கழுவினார். "அந்த வாட இல்ல."

"தின்னலாம்" என்றார் லெப்பை.

ரவூப் நெஞ்சை நிமிர்த்தினார். "அப்ப மர்சூக் ஹாஜியார்ட மன்னிப்பு?"

"அப்ப என்னையப் பண்டின்னது?"

"நான் ஒங்களப் பண்டிண்டு செல்லல்ல! கோழி தின்னதச் சென்னன்!"

"நானும் உங்க மார்க்கத்தச் சொல்லல. கோழி தின்னதத்தான் சொன்னேன்!"

இருவரும் மூச்சு வாங்க நின்றார்கள். லெப்பை கத்தியைத் துடைத்துக்கொண்டே இடையில் புகுந்தார். "கேக்குறவங்க கலியாணம் முடிஞ்ச பொறகு கேட்டுக்கோங்க. நூறையும் உயிரோட ஏத்தணும். வெயில் ஏறுது, கூடயக் கொண்டாங்க."

கூடைகள் வந்தன. நூறை எண்ணி ஏற்றினார்கள். கொத்துப்பட்டு வளராத பத்தும் அவளிடம் மிஞ்சின. லொறி கிளம்பும்போது ரவூப் தலையை வெளியே நீட்டினார்.

"அடுத்த மாசத்திலேருந்து கெழமைக்கு முப்பது. இதே மாதிரித்தான் வளக்கணும். எங்க வளவு எடுத்தீங்கண்டு செல்லியனுப்புங்க."

"கத்தாமக் கேட்டா சொல்றேன்."

"நான் எங்க கத்துறன்?" என்று கத்தினார் ரவூப். லொறி போனது.

மாதக் கடைசி நாள் விடிந்ததும் அவள் கொட்டிலைப் பிரித்தாள். தகரம் அவளுடையது, கம்பி வலை அவளுடையது, ஆணிகளும் அவளுடையவை. ஒவ்வொன்றாகப் பிடுங்கி டப்பாவில் போட்டாள். சிறிலுக்கு நான்கு மரத்தூண்களும் பதினோரு வார எச்சமும் மிஞ்சின. பல்லேபொலையில் அரிசி ஆலைக்குப் பக்கத்தில் ஒரு வளவு கிடைத்திருந்தது. சொந்தக்காரி ஒரு பேச்சுக்கு நாலு பேச்சுப் பேசுகிறவள் என்று அந்தோனிமுத்து எச்சரித்திருந்தான். பார்க்கலாம் என்றிருந்தாள் இவள்.

நடுப்பகல் தாண்டி, மூட்டைகள் எல்லாம் வீதியோரம் லொறிக்குக் காத்திருக்கையில், ஹோட்டல் ஆள் ஒருவன் சைக்கிளில் வந்தான். துணி கட்டிய பெரிய பீங்கான் கோப்பை. புரியாணி, மேலே இரண்டு கோழிக் கால்.

"முதலாளி குடுத்தனுப்பினாரு. கோப்பைய ஒடனே திருப்பித் தரச் சென்னாரு."

"விருந்து எப்படி?"

"எழுவது சஹனும் துடச்சு வச்ச மாதிரி. கொழும்பு ஆக்கள் ரெண்டாம் தரமும் கேட்டாங்க."

"அந்தத் துறைமுகத்துக்காரரு?"

"மொதல்ல கை வச்சதே அவருதான்."

திரேசம்மா கோப்பையின் துணியை அவிழ்த்தாள். மூட்டைமேல் உட்கார்ந்து ஒரு காலைப் பிய்த்தாள். முகர்ந்தாள். மென்றாள். எலும்பைக் கடித்து முறித்து, முறிந்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"நல்லாத்தானே இருக்கு" என்றான் அந்தோனிமுத்து, வாய் நிறைய.

"உனக்கு எதுதான் நல்லால்ல? தொடையில நார் ஓடுது. பயறு இன்னும் கூட்டணும்."

மறுபடியும் மென்றாள். ஹோட்டல் ஆள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கோப்பைக்காக வெயிலில் நின்றான். அவள் அவசரப்படவில்லை.